பதினாறாம் தசமதானத்துக் கள்ளன்

சனியன் பிடித்த பச்சை விளக்கு மறுபடியும் எரிந்தது.

“இன்னொருக்கா வைங்க,” என்றாள் ஜெஸீமா.

“மிஸ், காலையில இருந்து இதே கூத்துத்தானே? மோதிரத்தை வச்சேன், சங்கிலியை வச்சேன், தோட்டை வச்சேன். பச்சை. மறுபடி வச்சேன். பச்சை. உங்களுக்குச் சிவப்புத்தான் வேணும்னா நான் வெத்திலை போட்டுத் துப்பித்தான் காட்டணும்,” என்றார் நகைக்கடை முதலாளி யோகநாதன்.

“துப்புங்க அங்கிள். துப்புக் கிடைக்காத எங்களுக்கு அதாச்சும் கிடைக்கட்டும்,” என்றான் றேமண்ட்.

ஜெஸீமா அவனை முறைத்தாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடைக்கு மேலே அறை எடுத்து, ‘தனியார் துப்பறிவாளர்’ என்று பலகை மாட்டிய நாளிலிருந்து இவன்தான் அவளுக்கு உதவியாள். வேலை அரை, வாய் ஒன்றரை. சம்பளம் கொடுப்பது அந்த வாய்க்கும் சேர்த்துத்தான் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வாள். இன்றைக்கு அந்தச் சமாதானமும் எடுபடவில்லை.

விஷயம் இதுதான். வெள்ளவத்தைச் சுபோதினிக்கும் பிரியந்தனுக்கும் வெள்ளிக்கிழமை கலியாணம். அதற்கு முன்னே பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து, இரு வீட்டாரும் பார்த்திருக்க உருக்க வேண்டும். அது நல்லபடி நடந்தால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதில் ஏதும் பிழைத்ததோ, போச்சு, ஊர் வாயை உலைமூடி போட்டும் மூட முடியாது.

மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி மூன்று பொன் சேர வேண்டும். முதலில் மாப்பிள்ளையின் தாய் பாலேஸ்வரியின் மோதிரம், 0.3 பவுண். அடுத்து தாய்மாமன் கொடுத்த சங்கிலித் துண்டு, 0.2. கடைசியில் பெண் வீட்டுப் பொன், 0.1. அது சுபோதினியின் செத்துப்போன அம்மாவுடைய தோடு, சோடியில் ஒன்று. மூன்றும் போன கிழமையே கடையில் ஒப்படைத்தாயிற்று. மாப்பிள்ளை தன் கையால் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடுப்பார். தராசோடு இணைந்த கம்ப்யூட்டர் அவற்றைக் கூட்டி, முன்பே பதிந்து வைத்த 0.6 உடன் ஒப்பிடும். சரியென்றால் பச்சை. பிழையென்றால் சிவப்பு.

நேற்றுச் சிவப்பு எரிந்துவிட்டது.

அதிலும் கொடுமை, திரையில் மொத்தம் 0.6 என்றுதான் நின்றது. பதிந்ததும் 0.6. ஆனால் இரண்டும் பொருந்தவில்லை என்று மெசின் சாதித்தது. பாலேஸ்வரி அம்மாவுக்கு அது போதும். “நிறை சரி, பொன்தான் பிழை. தோட்டிலை செம்பு கலந்திருக்கு. மெசின் கண்டு பிடிச்சிட்டுது!” என்று அந்த இடத்திலேயே சொன்னார். அடுப்பை அணைத்தார்கள். அன்று பொழுதுபடுவதற்குள் வெள்ளவத்தையில் பாதிச் சனத்துக்குப் போன் போய்விட்டது. சுபோதினியின் அப்பா சிவபாதசுந்தரம் மகளின் தாலிக்கே கள்ளப் பொன் கொடுத்தாராம்.

இன்று காலை சுபோதினி ஜெஸீமாவின் அறைக்கு வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. “கலியாணம் நடக்குதோ இல்லையோ, அதைப் பிறகு பாப்பம் மிஸ். என்ரை அப்பா கள்ளன் இல்லையெண்டு காட்டுங்கோ. அந்த மனிசன் நேற்றிலை இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை,” என்றாள். பின்னேரம் பாலேஸ்வரி மகனோடு சுபோதினியின் வீட்டுக்கு வரப்போகிறாராம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல.

யோகநாதன் தோட்டை உரைகல்லில் உரைத்துக் காட்டிவிட்டார். நல்ல பொன். தராசில் வைத்தால் பச்சை. அப்படியென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் ஜெஸீமாவுக்குத் தலை வெடித்தது. நேற்று எல்லாரும் போன பிறகு சிவபாதசுந்தரம் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கடையில் குந்தியிருந்திருக்கிறார். ‘அப்பதான் கள்ளத் தோட்டை எடுத்துப்போட்டு நல்லதை வைச்சிருக்கிறார், முதலாளியும் கூட்டு’ என்பது பாலேஸ்வரியின் கட்சி. நேற்றுச் சிவப்பு, இன்று பச்சை. பச்சை எரிய எரிய அந்த அப்பாவி மனிதனின் கழுத்தில் கயிறு இறுகியது.

“கமராவையாவது பாத்தீங்களா?” என்று ஜெஸீமா கேட்டாள்.

“அது கல்லாப்பெட்டியைத்தான் பாக்கும் மிஸ். தராசை ஏன் பாக்கணும்?”

“சரி, மாப்பிள்ளை வைக்கக்குள்ள நீங்க எங்க நின்னீங்க?”

“அடுப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க. தம்பி தராசு இருக்கிற கண்ணாடி அறைக்குள்ள தனியா நின்னார். தராசுப் பக்கம் சுத்தமான கை மட்டும்தான் போகணும்னு அந்தம்மாதான் சொன்னாங்க.”

மாப்பிள்ளையிடம் காலையிலேயே போனில் கதைத்தாயிற்று. மரியாதையான பெடியன். ஏதோ ஒரு கம்பனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை. “அம்மான்ரை மோதிரம் முதல், மாமான்ரை அடுத்தது, தோடு கடைசி. வழக்கப்படிதான் வைச்சனான் மிஸ். எனக்கும் கவலைதான்,” என்றான். அதிலும் ஒரு நூல் நுனி கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்தது அந்த மென்பொருளை எழுதின உமாசுதன். அவனோ போனை எடுப்பதாக இல்லை. ஜெஸீமா வாசலுக்குப் போய் மறுபடியும் அடித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. போனில் ஒரு பெண் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில், நீங்கள் அழைத்தவர் இப்போது இல்லை என்று அன்பாகச் சொன்னாள். “மூணு மொழியில சொன்னா மட்டும் ஆள் வந்திருவானா?” என்று ஜெஸீமா அவளிடமே எரிந்து விழுந்தாள்.

“மெடம்!” உள்ளேயிருந்து றேமண்டின் குரல். “நான் ஒண்ணும் பண்ணல! சத்தியமா ஒண்ணும் பண்ணல!”

அவன் அப்படிச் சொன்னால் ஏதோ பண்ணிவிட்டான் என்று அர்த்தம். ஓடினாள்.

றேமண்ட் தராசுக்கு முன்னால் நின்றான். வலது கையில் பாதி கடித்த மாலுபான், மீன் வைத்த பன். இடது கையில் மோதிரம். திரையில் 0.6. பக்கத்தில் சிவப்பு விளக்கு.

“அடப்பாவி, எண்ணெய்க் கையோட தொட்டியா?”

“இது சுத்தமான கை மெடம், மாலுபான் அந்தக் கையில. முதலாளி கடைக்கு வந்த ஆளைப் பாக்கப் போனார். சும்மா நிக்கிறோமேன்னு நானும் ஒரு தடவை வச்சுப் பாத்தேன். கிட்ட கிடந்தது தோடு, அத வச்சேன். பொறகு சங்கிலி. கடைசியா மோதிரம். சிவந்து போச்சு!”

ஜெஸீமா மூச்சை அடக்கிக்கொண்டாள். “மறுபடி வை. அதே மாதிரி.”

சிவப்பு.

“இப்ப மோதிரம், சங்கிலி, தோடு.”

பச்சை.

“மோதிரம், தோடு, சங்கிலி.”

சிவப்பு.

அதே மூன்று பொன், அதே தராசு. தோடு கடைசியாகப் போனால் பச்சை. முதலில் போனாலும் நடுவில் போனாலும் சிவப்பு. யோகநாதன் வந்து பார்த்துவிட்டு, “முருகா, மெசினுக்குப் பேய் பிடிச்சிட்டுது,” என்றார்.

“பேய்க்கு ஒழுங்குமுறை தெரியாது அங்கிள், இதுக்குத் தெரியுது,” என்றான் றேமண்ட்.

அந்த நேரம் பார்த்து உமாசுதன் திருப்பிப் போன் எடுத்தான். கல்கிசை ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறானாம். ஜெஸீமா ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, உங்கட மெசின்ல 0.6 உம் 0.6 உம் ஏன் சமனில்ல? வைக்கிற ஒழுங்கை மாத்தினா ஏன் பதிலும் மாறுது?”

அந்தப் பக்கம் ரயில் நீளமாக ஊதியது. பிறகு, “ஐயோ, அதுவோ…” என்றான். “அக்கா, கம்ப்யூட்டருக்குப் பத்திலை ஒண்டைச் சரியா எழுதத் தெரியாது.”

“என் தங்கச்சி மகளுக்கே தெரியுமேப்பா!” என்றான் றேமண்ட்.

“அண்ணை, நீங்கள் மூண்டிலை ஒண்டைத் தசமத்திலை எழுதிப் பாருங்கோ. பூச்சியம் தசம் மூண்டு மூண்டு மூண்டு எண்டு முடியாமல் போகும். எங்கையாவது வெட்டத்தானே வேணும்? கம்ப்யூட்டர் எல்லாத்தையும் இரண்டு இரண்டாப் பிரிச்சுத்தான் எழுதும். அரை எழுதும், கால் எழுதும். பத்திலை ஒண்டு அதுக்கு முடியாமல் போற எண். வெட்டிப்போட்டுக் கிட்டத்தட்ட ஒண்டை வைச்சுக்கொள்ளும். கூட்டேக்கை திரும்பவும் வெட்டும். எதை முதல் கூட்டுறீங்கள், எதைப் பிறகு கூட்டுறீங்கள் எண்டதைப் பொறுத்து நுனியிலை ஒரு துளி கூடும் குறையும்.”

“அந்தத் துளி ஏன் திரையில இல்ல?”

“நான்தான் புள்ளிக்குப் பிறகு ஒரு தசமதானம் மட்டும் காட்டு எண்டு எழுதினனான். பாக்க வடிவா இருக்குமெண்டு.”

“சமனா இல்லையான்னு பாக்கிறது எத வச்சு?”

“அது… உள்ளுக்கை கிடக்கிற முழு எண்ணை வைச்சு. அக்கா, அது என்ரை பிழைதான். கிட்ட வந்தாலே சமன் எண்டு எடுக்கச் சொல்லியிருக்க வேணும்.”

வடிவாம்! ஒரு மனிதனின் மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு வடிவு கேட்குது. ஜெஸீமா வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, முழு எண்ணையும் திரையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டு அறிந்தாள். தோட்டை முதலில் வைத்துக் கூட்டினார்கள். இம்முறை திரை ஒளிக்காமல் சொன்னது.

0.6000000000000001

றேமண்ட் விரல் வைத்து எண்ணினான். “பதினாறாம் தசமதானத்தில ஒரு ஒண்ணு. மெடம், இதை எடை போடணும்னா எறும்போட கால்ல ஒரு முடியைப் புடுங்கி, அதையும் கோடி துண்டா வெட்டணும். இதுக்கா அந்த மனுஷன் பட்டினி கிடக்கார்?”

“அப்ப நான் தப்பிச்சேன்!” யோகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். “சிவபாதசுந்தரமும் தப்பிச்சார். யாருமே கள்ளனில்லை!”

ஜெஸீமா சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். “றேமண்ட், மாப்பிள்ளை எந்த ஒழுங்கில வச்சதாச் சொன்னார்?”

“மோதிரம், சங்கிலி, தோடு. வழக்கப்படி.”

“அப்படி வச்சா என்ன வரும்?”

றேமண்டின் வாய் திறந்தபடி நின்றது. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். “பச்சை,” என்றான் மெதுவாக.

“வந்தது?”

“சிவப்பு.”

யோகநாதன் தொண்டையைச் செருமினார். “மிஸ், தம்பி போன கிழமையும் ஒரு நாள் தனியா வந்தார். பொன்னைப் பாக்கணும்னார். மூணையும் மாத்தி மாத்தித் தராசில வச்சுப் பாத்தார். சிவப்பும் வந்திச்சு, பச்சையும் வந்திச்சு. ‘புது மெசின்தானே அங்கிள், பழக நாள் எடுக்கும்’னு சிரிச்சிட்டுப் போனார்.”

“யா அல்லாஹ்! இதக் காலையிலேயே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க கேக்கலையே.”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று ஜெஸீமாவுக்கு வந்தது. முட்ட நேரமில்லை.

முச்சக்கர வண்டியில் மூவர் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். நடுவில் யோகநாதன், மடியில் கடை மடிக்கணினி, சட்டைக்குள் பொன். தன் கண்ணை விட்டு அது அசையக் கூடாதாம். காலி வீதி வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பஸ் அவர்களைக் கடந்து போய்க் குறுக்கே நின்று ஆள் ஏற்றியது. “தம்பி, அந்தப் பக்கத்தால போக ஏலாதா?” என்று ஜெஸீமா டிரைவரிடம் சிங்களத்தில் கெஞ்சினாள். “அந்தப் பக்கம் கடல் மிஸ்,” என்றான் அவன்.

“போனாலும் போகலாம் மெடம், அங்க பஸ் நிக்காது,” என்றான் றேமண்ட்.

அவர்கள் சுபோதினி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலேஸ்வரி முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கடற்கரைப் பக்கத்து மாடிவீடு. சிவபாதசுந்தரம் ஒரு மூலைக் கதிரையில், தலை குனிந்து. பக்கத்தில் சுபோதினி. எதிரே பாலேஸ்வரி, பட்டுச் சேலையில். பிரியந்தன் யன்னலோரம் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“ஆர் நீங்கள்? இது எங்கடை குடும்ப விசயம்,” என்றார் பாலேஸ்வரி.

“அஞ்சு நிமிஷம் தாங்க அம்மா. தம்பி, நேத்து எந்த ஒழுங்கில பொன் வச்சீங்கன்னு உங்கட அம்மாவுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க.”

“காலமை சொன்னனானே மிஸ். அம்மான்ரை மோதிரம், மாமான்ரை சங்கிலி, பிறகு தோடு.”

“என்ரை பிள்ளை வழக்கம் தவறமாட்டான்,” என்றார் பாலேஸ்வரி.

ஜெஸீமா மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தாள். “அம்மா, நீங்களே விசையை அமத்துங்க. தராசு அனுப்புற எண்ணைத்தான் கையால போடப்போறோம். பொன்னே வேணாம், செம்பும் வேணாம், வெறும் எண். முதல்ல 0.3. பிறகு 0.2. பிறகு 0.1.”

பாலேஸ்வரி சந்தேகத்தோடு ஒற்றை விரலால் அமத்தினார். பச்சை.

“இப்ப 0.1 ஐ முதல்ல போடுங்க.”

சிவப்பு. பாலேஸ்வரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“கண்டீங்களா? பொன்னே இல்லாம சிவக்குது. மெசினுக்குப் பொன்னோட மாத்தும் தெரியாது, செம்பும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்டுதான், தோடு கடைசியா வந்திச்சா இல்லையா. நேத்துத் தோடு கடைசியா வரல்ல. வைச்சது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் போன கிழமையே கடைக்குப் போய், எப்படி வச்சா சிவக்கும்னு சோதிச்சும் பாத்திருக்கார்.”

யோகநாதன் தலையை ஆட்டினார். எல்லாரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். பிரியந்தன் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

“தம்பி, நீ என்னடா செய்தனீ?” என்று கேட்டார் பாலேஸ்வரி.

“எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான் அம்மா? சொல்லச் சொல்ல நீங்கள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு படுத்தீங்கள். பொன்னுருக்குப் பிழைச்சால் அபசகுனம் எண்டு நீங்களே நிப்பாட்டுவீங்கள் எண்டு நினைச்சன். தோட்டிலை பழி போடுவீங்கள் எண்டு சத்தியமா நினைக்கேல்லை.”

“பழி போட்ட பிறகு?” என்று கேட்டாள் ஜெஸீமா. “காலையில நான் போன் எடுக்கக்குள்ள?”

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாலேஸ்வரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “சரி, விடுங்கோ. இளம் பிள்ளையள், ஏதோ புத்தி பிசகிப் போச்சு. பொன்னிலை குறை இல்லைத்தானே? நாளைக்கும் நல்ல நேரம் இருக்கு. உருக்கிப்போட்டு வெள்ளிக்கிழமை குறிச்சபடி நடத்துவம். என்ன சிவபாதம் அண்ணை?”

சிவபாதசுந்தரம் நேற்றிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். மகளைப் பார்த்தார்.

சுபோதினி எழும்பினாள். “பிரியந்தன், வேண்டாம் எண்டு என்னட்டைச் சொல்லியிருந்தால், ஒரு தேத்தண்ணி தந்து சந்தோசமா அனுப்பியிருப்பன். செத்துப்போன என்ரை அம்மான்ரை தோட்டை எடுத்து, என்ரை அப்பாவைக் கள்ளனாக்கிப்போட்டு, ஒண்டும் தெரியாத மாதிரி அந்த யன்னலடியிலை நிண்டீங்களே!”

“சுபோ, நான்…”

“கதைக்க வேண்டாம். உங்களோடை எனக்குக் கதை இல்லை.” அவள் பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். “கலியாணம் இல்லை மாமி. ஆனால் உங்களை இப்ப விடவும் மாட்டன். நேற்று ஆர் ஆருக்குப் போன் எடுத்து அப்பாவைக் கள்ளன் எண்டு சொன்னீங்களோ, அவ்வளவு பேருக்கும் இங்கை இருந்து எடுத்துச் சொல்லுங்கோ. ஸ்பீக்கரிலை. அப்பா கேக்க வேணும்.”

“பிள்ளை, அது எனக்கு எவ்வளவு மானக்கேடு…”

“ஓம் மாமி. அப்பாவுக்கும் அப்பிடித்தான் இருந்தது.”

றேமண்ட் வாயைத் திறந்தான். ஜெஸீமா அவன் காலை மிதித்தாள். இந்த நேரத்தில் அவன் ஏதாவது சொன்னால் அவளே அவனைக் கடலில் தள்ளியிருப்பாள்.

பாலேஸ்வரி மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். கடைசியில் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். மணி அடிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

“ஹலோ, பாலேசக்கா!” அந்தப் பக்கத்துக் குரலில் ஆவல் பொங்கி வழிந்தது. “என்ன, அந்தக் கள்ளன் வீட்டுச் சம்பந்தம் நிண்டிட்டுதோ?”

சிவபாதசுந்தரத்தின் கை கதிரைப் பிடியை இறுக்கியது.

“நிண்டிட்டுது,” என்றார் பாலேஸ்வரி. கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. “நான் நேற்றுச் சொன்னது பிழை. அவரின்ரை தோடு நல்ல பொன். கள்ளவேலை செய்தது என்ரை மகன்.”

பாலேஸ்வரி போனை மடியில் வைக்கப் போனார்.

“அடுத்த ஆளுக்கு எடுங்கோ மாமி,” என்றாள் சுபோதினி.